இரண்டு வீட்டுக்கு ஒரு மூச்சு

குளிக்கவும் சமைக்கவும் மட்டும் காலையில் என் வீட்டுக்கு வருவேன். பத்து மணிக்குள் பூட்டிக்கொண்டு மறுபடி பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவேன். ஒரு சொம்பு தண்ணீர், சீவல் பொட்டலம், படிக்கிற மின்பலகை. கமலவேணியின் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து மூச்சு விடுவேன். வேறு வேலை கிடையாது. அவள் வீட்டைப் பார்த்துக்கொள்வது என்றால் அவ்வளவுதான்.

தளி மேட்டுக் குடியிருப்பில் எல்லாமே வளர்த்த வீடுகள். கடல் ஏறி, வேதாரண்யம் பக்கம் இனி இருக்க முடியாது என்றானபோது எங்களை லாரி லாரியாக இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். அத்தனை பேருக்கும் கட்டிடம் கட்ட நேரமில்லை. காளான் இழையையும் சுண்ணாம்புக் கிருமியையும் அச்சில் ஊற்றிப் பத்து நாளில் ஒரு தெருவை வளர்த்தார்கள். உயிர்ச்சுவர் என்று பெயர். ஆபீசில் பயோவால் என்பார்கள்.

அந்தச் சுவருக்கு மனித மூச்சுதான் சாப்பாடு. அதன் ஈரமும் சூடும் வேண்டும். ஆட்டைக் கட்டிப் பார்த்தார்கள். வேறு பூஞ்சை வந்தது. மெஷின் வைத்து வெந்நீர் ஆவி அடித்துப் பார்த்தார்கள், சுவர் ஏமாறவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு ஆள்மணி மூச்சு கிடைக்க வேண்டும். குறைந்தால் சாம்பல் பூக்கும். பூத்தது பொதுச்சுவர் வழியாக அடுத்த வீட்டுக்குப் பரவும். அதனால் ஒருவர் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது இங்கே அவர் சொந்த விஷயம் இல்லை.

கமலவேணி எங்கள் ஊர்ப் பெண்தான். சித்திரை மாதம், கனடாவின் வடகரைத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகனிடம் போனாள்.

"ஒரு மாசம்தாண்ணே. மிஞ்சிப் போனா ஒன்றரை மாசம். சும்மா போய் உக்காந்துட்டு வாங்க."

"உக்கார்றதுக்கு என்ன. இங்க உக்காந்தா என்ன, அங்க உக்காந்தா என்ன."

எங்கள் ஊரில் வீட்டு ஆண்பிள்ளை வெளியூர் போனால், பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் துணைக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். யாரும் கேட்கவும் மாட்டார்கள், எத்தனை நாள் என்று எண்ணவும் மாட்டார்கள். நான் இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். தெருவில் மற்றவர்கள் விவரமானவர்கள். பக்கத்து வீடு முப்பது நாள் பூட்டிக் கிடந்தால் ஆளில்லா மனு போட்டுவிடுவார்கள். ஆபீசிலிருந்து வந்து பொதுச்சுவரை அறுத்து, நடுவில் காங்கிரீட் வைத்து அடைத்து, அந்த வீட்டை எடுத்துவிடுவார்கள்.

சுவர் இன்ஸ்பெக்டர் தணிகைவேல் மூன்று முறை வந்து சொன்னான்.

"பெரியவரே, மனுவப் போடுங்க. ரெண்டே நாள்ல அறுத்து அடைச்சுத் தரேன்."

"ஊர்ப் பொண்ணு மேல மனு போடச் சொல்றியா தம்பி?"

"அவங்க மேல இல்ல. வீட்டு மேல."

"வந்து நின்னா எங்க போவா?"

"வரப்போறாங்களா? உங்க ஊர்க்காரங்க எல்லாரும் ஒரே மாதிரி. கடலு முழங்கால் வரைக்கும் வந்தப்பறமும், வடிஞ்சிடும்னு உக்காந்திருந்த ஆளுங்கதானே."

ஊர்ப் பாசம் என்றுதான் அவனிடம் சொன்னேன். உண்மை வேறு. என் மனைவி கோகிலம் இறந்து இரண்டு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. பம்ப் ஹவுஸ் வேலையிலிருந்தும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கமலவேணி போன் செய்வாள். வாரத்தில் என்னைத் தேடி வருகிற ஒரே குரல் அதுதான்.

"அடுப்படி மூலை எப்படிண்ணே இருக்கு?"

"பச்சையா இருக்கு."

"மாடிப்படிக்குக் கீழ?"

"அங்கயும் அரை மணி நேரம் உக்காந்துட்டுத்தான் வந்தேன்."

"அய்ய, அங்க எப்படி உக்காந்தீங்க. தலை இடிக்குமே."

தலை இடிக்குமே என்று அவள் சொன்னதை ஒரு வாரம் வைத்திருந்தேன். அவள் அறை அறையாகக் கேட்பாள், நான் அறை அறையாகச் சொல்வேன். என் வீட்டைப் பற்றி அவள் கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதே அப்போது எனக்குத் தெரியவில்லை.

கோகிலம் இருந்தவரை என் வீட்டுக்கு மூச்சு மிச்சம். அவள் போனபிறகு, நான் வெளியே எங்கும் போகாமல் இருந்ததால் பதினெட்டு தேறிக்கொண்டிருந்தது. ஒற்றை ஆளுக்கு ஒரு நாளில் இருப்பதே இருபத்து நாலு மணிதான். பாதி அங்கே, பாதி இங்கே என்றால் இரண்டு வீடும் சாகும். முதலில் ஆறு மணி நேரம் போய் உட்கார்ந்தேன். அவள் அடுப்படியில் சாம்பல் பூத்தது. ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்ல வாய் வரவில்லை. பச்சை என்று சொல்லிவிட்டு அன்றைக்கே படுக்கையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன்.

ஒரு மாதம் ஏழு மாதமானது. வருட அளவைக்குத் தணிகைவேல் மூச்சளவியோடு வந்தான். கமலவேணியின் சுவரில் அதை வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"இந்தத் தெருவுலயே இதான் நல்ல சுவரு. உங்களுக்கு நல்ல மூச்சு பெரியவரே."

பிறகு என் வீட்டின் பின்னறைக்கு வந்தான். விரலால் தட்டினான். கோகிலத்தின் படம் ஆணியோடு கீழே வந்தது. படத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, உதிர்ந்த பொடியை முகர்ந்து பார்த்தான்.

"வேரு போயிடுச்சு. இனிமே பக்கத்துக்கும் பரவும்."

"நாளையிலேருந்து இங்கயே இருந்துடறேன்."

"உசுரோட இருக்கற சுவத்தைத்தான் ஒத்தை ஆளு தாங்க முடியும். செத்தத எழுப்ப அஞ்சாறு பேராவது வேணும். உங்களுக்கு யாரு இருக்கா?"

அவன் பதிலுக்காகக் கேட்கவில்லை. ஒரு வழி சொன்னான்: கமலவேணி சம்மதித்தால் அவள் வீட்டில் நிரந்தர மூச்சாளாக என்னைப் பதியலாம். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். எப்படிக் கேட்பது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவள் வெள்ளிக்கிழமையே கூப்பிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அண்ணே, ஒரு நல்ல சேதி. வீட்ட எழுதிக் குடுத்துட்டோம். அளவை ரிப்போர்ட்ட பாத்துட்டு உடனே எடுத்துக்கிட்டாங்க. அஞ்சு பேரு குடும்பம். எல்லாம் உங்க புண்ணியம்."

"நல்லதும்மா."

"இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

"தொந்தரவுன்னு நான் சொன்னேனா?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. எனக்குத்தான் மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. போய் உங்க வீட்டுல காலை நீட்டிப் படுங்கண்ணே."

சரி என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. கேட்பதற்கு அவளுக்கு இங்கே அடுப்படி இல்லை, மாடிப்படி இல்லை. எதற்கு வரும்?

ஐந்து பேரும் வந்து இறங்கினார்கள். முனிரத்தினம், மனைவி, மாமியார், இரண்டு பெண் குழந்தைகள். மரியாதையானவர்கள். பால் காய்ச்சியபோது எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. பத்தாம் நாள் முனிரத்தினம் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க பக்கத்துச் சாம்பல் எங்க அடுப்படிக்கு வருது. சின்னவளுக்கு இழுப்பு இருக்கு. ஆளில்லா மனு போட்டுட்டோம். உங்ககிட்ட சொல்லிடலாம்னு வந்தேன்."

"நான் இருக்கறப்பவேவா?"

"ஆபீஸ்ல கேட்டோம். போடலாம்னாங்க."

மறுநாள் தணிகைவேல் ஆபீஸ் மின்பலகையோடு வந்தான். 'வீட்டில் ஆள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று ஏற்கெனவே விழுந்திருந்தது.

"நான் இருக்கேனே தம்பி."

"இருக்கீங்க. ஆனா செத்த சுவரு மூச்ச இழுக்காது. கணக்குல பதினெட்டு ஏறினாத்தான் அது ஆளுன்னு எடுத்துக்கும். ஏழு மாசம் நீங்க அந்த வீட்டுல வாழ்ந்ததா இருக்கு. அங்கேருந்து போயிட்டதாவும் இருக்கு. அதுக்கப்பறம் எங்கன்னு ஒண்ணும் இல்ல."

"எப்ப அறுக்கறீங்க?"

"நாளைக்கு. ஓசூர்ல பொது விடுதி இருக்கு, சொல்லி வச்சிருக்கேன். ஒரே ஹால்ல நாப்பது பேரு. சுவரெல்லாம் கொழுகொழுன்னு இருக்கும்."

அவன் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். பலகையில் இன்னும் ஒரு இடம் காலியாக இருந்தது. அக்கம்பக்கத்தில் இருவர் சாட்சி சொல்ல வேண்டும். முனிரத்தினம் போட்டுவிட்டார். வலப்பக்கம் சாலை, அங்கே வீடு இல்லை. தணிகைவேல் தெருவை மேலும் கீழும் பார்த்தான். வெயில் நேரம், எல்லா வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது. உள்ளே விடுகிற மூச்சு வெளியே போய் வீணாகக்கூடாது.

"நான் போடலாமா?" என்றேன்.

அவன் விதியைத் தள்ளித் தள்ளிப் படித்தான். கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வீட்டுக்குள்ள இருக்கறவங்கதான் போடக்கூடாது," என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க போடலாம்."

இந்த வீட்டில் யாரும் வாழவில்லை என்பதை நான் நேரில் அறிவேன் என்று எழுதியிருந்தது. அதன் கீழே பக்கிரிசாமி என்று முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.