சிறுநீரகம் முழங்காலிலா?

வாலுவுக்கு மூன்று வாரமாகத் தீராத தலைவலி. அந்தத் தலைவலியின் பெயர் டப்பா.

டப்பா என்பது அக்கா செய்த பேசும் இயந்திரம். உடம்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. அதைச் செய்து காட்டினால்தான் அக்காவின் ஆராய்ச்சி நிலைக்கும். அதற்காக வாலு தினமும் விளையாட்டை விட்டுவிட்டு, "ஈரல் எங்கே? குடல் எவ்வளவு நீளம்?" என்று டப்பாவிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

இன்று சோதனை. வாலுவின் வகுப்பிலிருந்து ஆறு பேர் ஆராய்ச்சிக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அக்காவின் பேராசிரியர் அவர்களுக்குப் பின்னால் கைகட்டி நின்றார்.

டப்பா சிறுநீரகத்தைப் பற்றிப் பேசியது. பேசிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக, "புரிந்ததா?" என்று கேட்டது.

"புரிஞ்சுது!" என்று ஆறு பேரும் கத்தினார்கள்.

அக்காவின் முகம் மலர்ந்தது.

பேராசிரியர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். மனித உருவத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் அதில் இருந்தன. சிறுநீரகத்தை வரையச் சொன்னார். ஒருத்தி நெஞ்சில் வரைந்தாள். கண்ணாடி போட்ட ஒருவன் முழங்காலில் வரைந்தான், காலுக்கு ஒன்று.

"ரெண்டுன்னு சொல்லிச்சே, அதான்," என்றான் பெருமையாக.

பேராசிரியர் நெற்றியைத் தேய்த்தார். "என்னம்மா இது? மூணு வருஷ உழைப்பு முழங்கால்ல வந்து நிக்குது! சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு வகுப்பு வருது. அப்பவும் இப்படித்தான்னா, இதைப் பூட்டி வச்சிட்டு வேற வேலையைப் பாரு."

அவர் போனதும் அக்கா மேசையில் தலையைச் சாய்த்தாள். "எல்லாரும் புரிஞ்சுதுன்னுதானேடி சொன்னாங்க!"

வாலுவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ அக்கா! யார் கேட்டாலும் நாங்க புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவோம். இல்லைன்னா முதல்லேருந்து ஆரம்பிச்சிடுவாங்களே!"

அக்கா தலையைத் தூக்கினாள். "அப்ப என்னதான்டி கேக்கறது?"

"ஒண்ணும் கேக்காதே. டப்பாவைத் தப்பாச் சொல்லச் சொல்லு. தப்புச் சொன்னா எங்களால வாயை மூடிட்டு இருக்க முடியாது. அப்புறம், பேச்சைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு. காது வலிக்குது."

அக்கா சாப்பாட்டைத் தொடவே இல்லை. விசைப்பலகையில் அவள் விரல்கள் தடதடவென்று ஓடின.

மதியம் வேறு ஆறு பேர் வந்தார்கள். டப்பா நாலே வரி சொன்னது. பிறகு, "எனக்கு உடம்பே கிடையாது, அதனால் மறந்துவிட்டது. சிறுநீரகம் முழங்காலில்தானே இருக்கிறது?" என்றது.

"அய்யே! இல்ல!" அறையே அதிர்ந்தது. "முதுகுப் பக்கம்! முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும்!"

"வயிற்றின் முன்னாலா?"

"முதுகுன்னு சொல்றோம்ல! இதோ, இங்க!" ஒரு சிறுமி எழுந்து, திரும்பி நின்று, கடைசி விலா எலும்பருகே இரண்டு கைகளையும் வைத்துக் காட்டினாள். மற்றவர்களும் தங்கள் முதுகைத் தடவிப் பார்த்தார்கள்.

தாள்கள் வந்தன. ஐந்து பேர் சரியாக வரைந்திருந்தார்கள். ஆறாவது ஆள் இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டான். ஆனால் சிறுநீரகத்தை அந்த உருவத்தில் பாதி அளவுக்கு வரைந்திருந்தான்.

"இது தேறும்," என்றார் பேராசிரியர். உடனே அடுத்துச் செய்யவேண்டிய சோதனைகளையும் எழுதவேண்டிய அறிக்கைகளையும் மூச்சுவிடாமல் அடுக்கினார். கடைசியில் அக்காவைப் பார்த்து, "புரிஞ்சுதா?" என்றார்.

"புரிஞ்..." என்று ஆரம்பித்த அக்கா, வாலுவின் முறைப்பைக் கண்டு நிறுத்தினாள்.

"இல்ல சார். முதல்லேருந்து சொல்லுங்க."

வாலு பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.