புகை விலகிய இடம்

நாலாவது மாடி நடைபாதையில், ஓர் இடத்தில் மட்டும் புகை ஒதுங்கிப் போனது.

ஒதுங்க வேண்டிய அவசியமே அங்கே இல்லை. தூண் கிடையாது, அலமாரி கிடையாது. நடைபாதை வெறுமையாக இருக்கும்படிதான் அவள் அதைக் கணினியில் வரைந்திருந்தாள். ஆனால் லிஃப்ட் பக்கத்திலிருந்து உருண்டு வந்த சாம்பல் நிறப் புகை நடுவழியில் இரண்டாகப் பிரிந்து, எதையோ சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் போய் மறுபடி ஒன்று சேர்ந்தது. ஓடுகிற தண்ணீரில் யாரோ காலை ஊன்றி நிற்பதைப் போல.

தீப்பிடித்தால் ஒரு கட்டடத்தில் புகை எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவளுடைய அலுவலகத்தின் தொழில். கணக்கு இங்கே நடப்பதில்லை. வேறோர் ஊரில், குளிரூட்டிய பெரிய கூடத்தில் அலமாரி அலமாரியாக நிற்கும் கணினிகள் சேர்ந்து அதைப் போடும். கிளஸ்டர் என்பார்கள். அங்கே கணக்கு ஓட ஓட, இங்கே திரையில் படம் வந்துகொண்டே இருக்கும். படம் வராவிட்டாலோ கோணலாக வந்தாலோ சரிசெய்வது அவள் பாடு.

இந்த முறை கணக்குக்கு வந்தது அவளே குடியிருக்கும் கட்டடம். அலுவலகம் ஊழியர்களுக்கு வாடகைக்கு எடுத்துக் கொடுத்த குடியிருப்பு. அதன் சொந்தக்காரர்கள்தான் இப்போது வாடிக்கையாளர்கள். நாலாவது மாடியின் கடைசி வீடு அவளுடையது. அங்கே இந்நேரம் அக்கா தூங்கிக்கொண்டிருப்பாள். இரவெல்லாம் ஒரு சலவைக்கூடத்தில் ஆவிக்கு நடுவே நின்று மருத்துவமனைத் துணிகளை மடித்துவிட்டு வரும் அக்காவுக்குப் பகல்தான் ராத்திரி. அப்பா அம்மா போன பிறகு படிக்கவைத்தது, விமானம் ஏற்றிவிட்டது, பயந்து அழுதவளுக்குத் துணையாகப் பின்னாலேயே கிளம்பி வந்தது எல்லாம் அக்கா. அக்காவை விட்டால் அவளுக்கு இந்த ஊரில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் ஆளில்லை.

விடுமுறைக் காலம் என்பதால் அலுவலகத் தளம் காலியாகக் கிடந்தது. சாயங்காலம் ஆகும் முன்பே ஜன்னலில் மூடுபனி வந்து ஒட்டிக்கொண்டு, எதிர்க்கட்டடத்தையும் தெருவையும் மெல்ல மெல்லத் தின்றுவிட்டிருந்தது. கூரைக் குழாயில் காற்று சீராக மூச்சு விட்டது. யாருடைய மேசையிலோ மறந்துபோன காப்பிக் கோப்பையின் புளித்த வாடை, காலடிக் கம்பளத்தின் ஈர வாடை, சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை எல்லாம் கலந்து அவள் தொண்டையில் தங்கின.

'ஏதோ ஒரு துண்டு வரல போல' என்று முதலில் நினைத்தாள். அது அடிக்கடி நடப்பது. கட்டடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு கணினி பார்த்துக்கொள்ளும். ஒன்று மக்கர் பண்ணினால் படத்தில் அந்த இடம் ஓட்டையாகத் தெரியும். ஆனால் அந்த ஓட்டைகள் பெட்டி போலச் சதுரமாக இருக்கும், ஓரங்கள் கோடு கிழித்தாற்போல நேராக இருக்கும்.

படத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். இந்த ஓட்டைக்குத் தோள்கள் இருந்தன.

படத்தை மூடிவிட்டுத் திறந்தாள். கண்ணாடியில் செய்தது போன்ற சுவர்கள், படிக்கட்டு, லிஃப்ட் என்று கட்டடம் மறுபடி உருவாகி வந்தது. புகை வந்தது. ஓட்டையும் வந்தது. முன்பு நின்ற இடத்தில் இல்லை. இரண்டு வீட்டு வாசல்களைத் தாண்டி, நடைபாதையின் கடைசிப் பக்கமாக வந்திருந்தது.

கிளஸ்டர் மையத்துக்குப் போன் போட்டாள். உதவிக்கு இருப்பவனை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கூரை இடிந்து விழுந்தாலும் 'நிதானமா பாப்போம்' என்று ஆரம்பிப்பவன்.

"நிதானமா சொல்லுங்க. படம் வரலையா?"

"வருது. வர்றதுதான் சரியில்ல. நடைபாதையில ஆள் நிக்கிற மாதிரி ஒரு ஓட்டை. நான் ஆள் யாரையும் வைக்கல. வேற யாரோட கணக்காவது என் போர்ட்ல வருதா பாருங்களேன்."

நிதானம் சிரித்தான். எல்லாருடைய படமும் ஒரே வாசல் கணினி வழியாகத்தான் வெளியே வரும், ஆளுக்கொரு எண். அதுதான் போர்ட். இரண்டு பேர் ஒரே எண்ணைப் பிடித்துவிட்டால் ஒருவர் படம் இன்னொருவருக்குப் போய்விடும்.

"போன மாசம் பாலம் கட்டுறவர் ஒருத்தரு ரெண்டு மணி நேரம் யாரோட இருதயத்தையோ பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. 'என்னங்க, பாலம் துடிக்குது'ன்னு போன் பண்றாரு. இருங்க, பாக்கறேன்."

தட்டச்சு ஒலி. கொஞ்சம் நின்றது. மறுபடி தட்டச்சு.

"மேடம், உங்க நம்பர்ல வேற யாரும் இல்ல."

"அப்ப என்னோடதுதானா?"

"உங்களோடதும் இல்ல. உங்க கணக்கு இன்னும் கியூல நிக்குது. இன்னிக்கு ஏசி ரிப்பேரு, மெஷின் எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிருக்கோம். இங்க எதுவுமே ஓடல."

திரையில் புகை உருண்டுகொண்டிருந்தது.

"ஓடுதுங்க. என் கண் முன்னாடி ஓடுது."

"பழைய படம் எதாவது திரும்ப ஓடும். சந்தேகமா இருந்தா நோண்டிப் பாருங்க. எதாவது ஒரு கதவ சாத்துங்க. பழைய படம்னா கதவு சாத்திக்காது. சரிங்களா, எனக்கு இன்னொரு லைன் வருது."

நோண்டிப் பார்ப்பது என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். படத்தைப் பார்க்க மட்டுமல்ல, ஓடுகிற கணக்குக்குள் கையை விடவும் வழி உண்டு. ஒரு கதவைச் சாத்தலாம், ஜன்னலைத் திறக்கலாம். கிளஸ்டர் அதை வாங்கிக்கொண்டு அங்கிருந்து கணக்கைத் தொடரும்.

எந்தக் கதவைச் சாத்துவது என்று படத்தைத் திருப்பினாள். தெரிந்த வீடு தன் வீடுதானே என்று கடைசி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

அவள் வரைந்த வீட்டில் சாமான் எதுவும் இல்லை. வெறும் சுவர், வெறும் தரை. புகை அங்கே மெலிசாக, பாலாடை போலப் படர்ந்திருந்தது. படுக்கையறையில், கட்டிலே இல்லாத இடத்தில், கட்டிலின் உயரத்தில், அந்தரத்தில் ஒன்று படுத்திருந்தது. புகை அதைச் சுற்றி ஒதுங்கியிருந்தது. ஒருக்களித்த உடம்பு. மடக்கிய முழங்கால். கன்னத்துக்கு அடியில் வைத்த கை.

அக்கா அப்படித்தான் தூங்குவாள்.

அவளுடைய விரல் கைபேசியை எப்போது எடுத்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வெகு நேரம் மணி அடித்தது.

"ஏண்டி வாலு, இப்பதானே கண்ண மூடினேன்." தூக்கத்தில் தடித்த குரல். "என்ன, தாழ்ப்பாள் போட்டியா, கேஸ மூடினியான்னு கேக்கப் போறியா? எல்லாம் மூடியாச்சு. உன் வாய் ஒண்ணுதான் பாக்கி."

"அக்கா, நீ எழுந்து உக்காந்திருக்கியா?"

"பின்ன, படுத்துக்கிட்டா உன்கிட்ட சண்ட போடுவாங்க? உக்காந்துட்டேன், சொல்லு."

திரையில் அது படுத்தே இருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பழைய படம்தான். ஏதோ கோளாறு. எதிலோ எதுவோ கலந்து தெரிகிறது. அவள் சிரிக்கக்கூட ஆரம்பித்தாள்.

அப்போது, திரையில், படுத்திருந்தது கையை நீட்டி எதையோ தேடியது. எழுந்து உட்கார்ந்தது. கையைக் காதுக்குக் கொண்டுபோயிற்று.

"என்னடி சத்தத்தையே காணோம்?" என்றாள் அக்கா.

நடைபாதையில் நின்றதை அவள் தேடினாள். அங்கே இல்லை. வீட்டு வாசலில் இல்லை. கூடத்தில் இருந்தது. நெட்டையாக, அசையாமல், புகை அதன் தலைக்கு மேல் கூரை வரை விலகியிருக்க, திறந்து கிடந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தபடி நின்றது. அது நடப்பதை அவள் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறை படம் புதுப்பித்து வரும்போதும் ஓர் அடி கிட்டே இருந்தது, அவ்வளவுதான்.

"அக்கா, ரூம் கதவு திறந்திருக்கா?"

"திறந்துதான் இருக்கு. ஏன்?"

அவள் யோசிக்கவில்லை. யோசிக்க ஆள் அங்கே இல்லை; கை மட்டும்தான் இருந்தது. படுக்கையறைக் கதவைத் தேர்ந்தாள். சாத்து. அனுப்பு.

போனில் படீரென்று கதவு அறைந்தது.

"ஐயோ, என்னடி இது," என்றாள் அக்கா. "கதவு தானா சாத்திக்கிச்சு. ஜன்னல் கூடத் திறக்கலையே, காத்து எங்கிருந்து வந்தது?"

சாத்திக்கொண்டது. அதை வெளியே நிறுத்திவிட்டாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

திரையில் கதவு இன்னும் திறந்தே இருந்தது.

வேலையில் சேர்ந்த புதிதில் முதலில் சொல்லித்தந்த விஷயம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அனுப்புவது உடனே போய்ச் சேரும். படம் அப்படி இல்லை. அவ்வளவு கணினிகளின் துண்டுகளையும் ஒட்டிச் சேர்த்துக் கொண்டுவருவதற்குள் பின்தங்கிவிடும். திரையில் தெரிவது இப்போது நடப்பது அல்ல. கொஞ்சம் முன்னால் நடந்து முடிந்தது.

கூடத்தில் நின்றது ஓர் அடி வைத்தது. வாசற்படி. இன்னோர் அடி. உள்ளே. அவசரமே இல்லாமல் அறையின் மூலைக்குப் போய், சுவரோடு நின்றுகொண்டது.

அதற்குப் பிறகுதான் கதவு சாத்திக்கொண்டது.

"அக்கா, வெளியே வா."

"எங்க?"

"கேள்வி கேக்காத. கதவத் திறந்துட்டு வெளியே ஓடு. மூலையப் பாக்காத."

"ஏண்டி பயமுறுத்தற? மூலையில என்ன, துணிக்கூடைதான் இருக்கு." கட்டில் முனகியது. காலடி. கைப்பிடி லொடலொடவென்று ஆடியது. "வரமாட்டேங்குது. இறுகிப்போச்சு."

அவள் படுக்கையறைக் கதவைத் தேர்ந்தாள். திற. அனுப்பு. ஏற்கவில்லை. மறுபடி அனுப்பினாள். ஏற்கவில்லை. 'பார்வைக்கு மட்டும்' என்று திரையின் ஓரத்தில் ஒரு சிறிய வரி வந்து நின்றது. படம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"கருகின நாத்தம் அடிக்குதுடி. மசுரு கருகின மாதிரி. எங்கிருந்து..." கைப்பிடி இன்னும் வேகமாக ஆடியது. அக்காவின் மூச்சு போனில் இரைந்தது. "வாலு. பின்னாடி யாரோ..."

"அக்கா."

எதுவும் இல்லை. கைப்பிடி ஆடும் சத்தமும் இல்லை. மூச்சும் இல்லை.

"அக்கா. அக்கா, பேசு. அக்கா."

"இருக்கேன்டா," என்றது குரல்.

நாற்காலியில் சரிந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"கதவு திறந்துடுச்சா?"

"திறந்துடுச்சு. ஒண்ணும் இல்ல. நான்தான் வீணா பயந்துட்டேன்."

"அந்த நாத்தம்?"

"போயிடுச்சு. நீ அழாத கண்ணு. நல்லா மூச்சு விடு."

அக்கா இப்படிக் கனிவாகப் பேசி எத்தனை காலமாயிற்று. திட்டாமல், கிண்டல் பண்ணாமல். அவள் அந்தக் குரலை ஒரு கம்பளியைப் போல மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சொன்னபடி மூச்சு விட்டாள். கைப்பையை எடுத்தாள். கோட்டு எங்கே என்று பார்த்தாள். வீட்டுக்குப் போய்விட வேண்டும். அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும். திரையை அணைக்கக் கை நீட்டினாள்.

படம் இன்னும் பின்னால்தான் இருந்தது.

படத்தில் அக்கா இன்னும் கதவோடு போராடிக்கொண்டிருந்தாள். புகைக்கு நடுவே குனிந்த முதுகு. இழுக்கும் கை. காதோடு ஒட்டிய இன்னொரு கை. மூலை காலியாக இருந்தது. அக்காவுக்குப் பின்னால், ஒட்டினாற்போல, அது.

அக்காவின் முதுகு நிமிர்ந்தது.

திரும்பவில்லை. திரும்ப நேரம் இருக்கவில்லை.

அக்காவின் உருவத்துக்குள் புகை வரத் தொடங்கியது. முதலில் பாதங்களுக்குள். பிறகு முழங்கால். இடுப்பு. ஒரு குடத்தில் தண்ணீர் ஏறுவது போல மெல்ல, நிதானமாக, அக்கா இருந்த இடத்தில் புகை ஏறியது. தோள். கழுத்து. கடைசியில் முகம் இருந்த இடம். பிறகு அந்த இடத்தில் புகை எதையும் சுற்றிப் போகவில்லை. நேராகப் போயிற்று.

"எப்ப கிளம்பற?" என்றது குரல், காதுக்குள்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மெதுவா வா. நான் எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன்."

திரையில், அறையில் மிச்சமிருந்த ஒன்று குனிந்து தரையிலிருந்து எதையோ எடுத்தது. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு நிமிர்ந்தது. கதவு திறந்தது. அது கூடத்துக்கு வந்து, வீட்டு வாசலுக்கு வந்து, நடைபாதை தெரியும்படி நின்றுகொண்டு, மெல்லக் கையை உயர்த்தியது. புகை அதன் காதோரமாக விலகி, ஒரு கைபேசியின் அளவுக்கு இடம் விட்டது.