ரவுட்டர் வந்தாச்சுங்க

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் பன்னிரண்டு மணி. பீளமேட்டில் புதிதாக எழும்பிய ஆறு மாடி ஆபீஸில் ரவுட்டரைக் காணோம்.

சப்-இன்ஸ்பெக்டர் வெங்கடபதி ஜீப்பிலிருந்து குதித்து இறங்கினார். சர்வீஸில் சேர்ந்ததிலிருந்து சைக்கிள் திருட்டும் கோழித் திருட்டும்தான் அவர் கைக்குச் சிக்கியிருந்தன. கடைசியில் மூளைக்கும் வேலை வந்துவிட்டது என்று பூரித்துப் போனார்.

"ரவுட்டர்னா என்னங்க?"

"ஏசி ஒரு லைன், லிஃப்ட் ஒரு லைன், ஃபயர் அலாரம் ஒரு லைன் சார்," என்றான் மெட்ராஸிலிருந்து வந்திருந்த எஞ்சினியர் ஜெரோம். "ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்குப் புரியாது. நடுவுல சேதி கடத்துற பெட்டிதான் ரவுட்டர். அது இருந்தாத்தான் அலாரம் அடிச்சதும் ஏசி நிக்கும், லிஃப்ட் கீழ இறங்கும்."

நாலு மணிக்குத் தீயணைப்பு அதிகாரி அதைத்தான் சோதிக்க வருகிறார். சிங்கப்பூர் பெட்டி, கோயமுத்தூரில் வேறு கிடையாது. கூரியர்காரன் காலையிலேயே கேட்டில் கொடுத்துவிட்டதாகச் சத்தியம் செய்கிறான். பெட்டியின் மதிப்பு தெரிந்த ஒரே ஆள் ஜெரோம். ஆகவே அவனே விற்றுத் தின்றுவிட்டான் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். நாலு மணிக்குள் வராவிட்டால் கேஸ். பாவம், பையனுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

முதல் விசாரணை, வாட்ச்மேன் அங்கப்பன்.

"ரவுட்டர் வந்துச்சா?"

"வந்தாச்சுங்க."

"எங்க வெச்சீங்க?"

"மேல ஏசி ரூம்லதானுங்க. எஞ்சினீர் தம்பி போன்ல சொன்னாப்புலயே."

"அப்புறம்?"

"வேலையைப் பாக்கப் போயாச்சுங்க."

தன் வேலையைப் பார்க்கப் போனதாகச் சொல்கிறார் என்று வெங்கடபதி எடுத்துக்கொண்டார். "ஜெரோம் எப்படிங்க?"

அங்கப்பன் தயங்கினார். "வேலைக்காரருங்க. ஆனா மரியாதை பத்தாது. எல்லாரையும் 'வா, போ'ங்கறாரு. பெரிய மனுசரைக்கூட அது இதுன்னு பேசறாருங்க."

முதலாளியைத்தான் சொல்கிறார்! முதலாளி மேல் வன்மம். ஜெரோமைச் சுற்றி வலை இறுகுவதாக வெங்கடபதி மீசையை நீவிக்கொண்டார்.

மூன்றாம் மாடி. ஏணி மேல் நின்று ஜன்னல்களுக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தார் தையற்கடை அப்துல் குத்தூஸ்.

"காலையில வித்தியாசமா ஏதாச்சும் நடந்துச்சுங்களா?"

"நடந்துச்சுங்க. ஒரு மாசமா வாரேன், அங்கப்பன் ஒரு வாய் தண்ணி குடுத்ததில்லை. இன்னிக்கு என்னை ஏசி ரூம்ல உக்கார வெச்சு, டீயும் பன்னும் குடுத்து, வெளியே பூட்டிப்போட்டாருங்க! கதவைத் தட்டித்தான் வெளிய வந்தேன்."

"உள்ள பெட்டி இருந்துச்சா?"

"ஒண்ணுமில்லீங்க."

பூட்டிய அறை! வெங்கடபதிக்கு உடம்பு சிலிர்த்தது. அப்படியானால் திருடன் அங்கப்பன். சாட்சியை அடைத்து வைத்துவிட்டுக் கைவரிசை காட்டியிருக்கிறார். விலங்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பாதி வழியில், கீழிருந்து அங்கப்பன் மேலே திரை மாட்டுகிற குத்தூஸை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க ராவுத்தரே, சோத்துக்குப் போகலீங்களா?"

வெங்கடபதி அப்படியே நின்றார். பிறகு விலங்கைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார்.

"ஜெரோம், போன்ல என்ன சொன்னீங்க?"

"ரவுட்டர் வரும். வந்தா ஏசி ரூம்ல வெச்சுப் பூட்டு. அது இல்லாட்டி இங்க ஒரு வேலையும் ஓடாதுன்னு."

"அங்கப்பண்ணா, உங்க காதுல என்ன உழுந்துச்சு?"

"ராவுத்தரு வரும்னாருங்க. வந்தவரைப் பூட்டச் சொல்றாரேன்னு மனசு கேக்காமத்தான் டீ வாங்கிக் குடுத்தேன்."

"ஒரு பொட்டி வந்துச்சுங்களா?"

"அட, அதுங்களா? ராவுத்தரு பொட்டின்னு கூரியர்காரன் குடுத்தானுங்க. இவரு ஏணி மேல நின்னாரு. ஆட்டோவுல ஊட்டுக்கே அனுப்பிச்சுபோட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க ராவுத்தரைத்தானுங்க கேட்டீங்க. பொட்டியக் கேக்கலியே!"

வெங்கடபதி தொண்டையைச் செருமினார். "குற்றவாளி ஜெரோமேதான். குற்றம், மரியாதையில்லாப் பேச்சு. தினமும் 'வாங்க, போங்க'ன்னு பேசற ஆளா இருந்திருந்தா, 'அது'ன்னதுமே ஏதோ சாமானம்னு அண்ணனுக்குப் புரிஞ்சிருக்கும். எல்லாரையும் 'வா, போ'ங்கறதால ராவுத்தரையும் அப்படித்தான் பேசறீங்கன்னு நினைச்சுட்டாரு. அதை அவரு என்கிட்டயே சொன்னாரு. நான்தான் முதலாளியைச் சொல்றாருன்னு கோட்டை விட்டேன்."

குத்தூஸ் ராவுத்தர் வீட்டுக்குப் போன் போட்டார்கள். எடுத்தது அவர் மனைவி உம்மல் குல்சும்.

"வந்துச்சுங்க. ஃப்ரிட்ஜுக்கு இவுங்க வாங்குன ஸ்டெபிலைசர்னு நினைச்சேன். எந்த ஓட்டையிலயும் பிளக்கு சேரமாட்டேங்குது."

ஜெரோம் தலையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஜீப் பறந்தது.

நாலு மணிக்கு அலாரம் அடித்தது. ஏசி நின்றது. லிஃப்ட் கீழே இறங்கி, உள்ளே இருந்த முதலாளியை அதிகாரி முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

ஜெரோம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேட்டுக்குப் போனான்.

"அங்கப்பண்ணா, ரவுட்டரு மேல நல்லபடியா உக்காந்துட்டாருங்க."

அங்கப்பன் முகம் மலர்ந்தது. "டீ குடுத்தீங்களா தம்பி?"