பகல் சோற்றுக்கு வருகிறவர்

சப்ரி இருமியபோது கொம்பியூட்டர் பெட்டியில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கியது. இருமல் நின்றதும் அதுவும் நின்றது. தற்செயல் என்றுதான் நினைத்தான். பிறகு வேண்டுமென்றே தொண்டையைச் செருமிப் பார்த்தான். விளக்கு மறுபடி மினுங்கியது. பெட்டிக்குள் எதையோ எலி கொறிப்பது போன்ற சத்தம் எழுந்து அடங்கியது.

வெள்ளிக்கிழமைப் பின்னேரம். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அவன் வேலை செய்யும் கடை இல்லை. சாய்ந்தமருதில் கடலுக்குக் கிட்டவாக இருந்த அந்த வீடு அவன் மனைவி முஸ்பிறாவுக்குச் சீதனமாகக் கிடைத்தது. கொம்பியூட்டரும் அவளுடையதுதான். கலியாணம் முடித்து வந்து ஒரு வருடமாகியும் எந்தச் சுவிச் எந்த விளக்குக்கு என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

முஸ்பிறா ஆசிரியை. தவணைப் புள்ளிகளை அடிக்க உட்கார்ந்தால் ஒரு எழுத்து விழுவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"ஹாட்வெயார் கடையில வேல செய்யிற ஆளுக்கு இது செய்யத் தெரியாதா?"

"அது வேற ஹாட்வெயார் புள்ள."

ஆனாலும் செய்தான். பெட்டியைக் கழற்றி, கடற்காற்றில் உப்பும் தூசியும் சேர்ந்து அப்பியிருந்ததைப் பழைய பிரஷால் தட்டினான். மூடிவிட்டு, கொம்பியூட்டர் விழிக்கும்போதே கூட விழிக்கிற செயலிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தான். அப்போதுதான் அதைக் கண்டான். ஒலிப்பதிவுச் செயலி ஒன்று இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் கோப்புகளால் டிஸ்க் முழுவதும் நிரம்பிக் கிடந்தது.

"முஸ்பிறா, கதைக்கிறதெல்லாம் பதியிற இது என்ன சாமான்?"

"கொரோனா நேரம் பிள்ளைகளுக்குப் பாடம் பதிஞ்சது," என்றாள் குசினிக்குள் இருந்து. "சத்தம் கேட்டாத் தானாப் பதியும். இன்னுமா ஓடுது? எல்லாத்தையும் அழிச்சி உடுங்க. நான் ராத்தா வீட்ட போய்ட்டு வாறன்."

அவள் அக்கா வீட்டுக்குப் போன பிறகு வீடு அமைதியானது. அலைச் சத்தம் மட்டும். அழிக்கத்தான் போனான். ஆனால் அதில் பழைய பாடங்கள் மட்டும் இருக்கவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமையும் இருந்தது. பகல் நேரம். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியாக இருக்கிற நேரம்.

திறந்தான்.

"வந்திட்டீங்களா? கையக் கழுவிட்டு இரிங்க," என்றாள் முஸ்பிறா.

கதிரை இழுபட்டது. சோற்றுக் கோப்பையில் அகப்பை தட்டியது. அவள் மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெரியும். தனக்கு மட்டுமே உரியது என்று இவ்வளவு நாளும் நம்பியிருந்தான்.

காது மடல் சூடேறியது. புதன்கிழமையைத் திறந்தான். வியாழக்கிழமையைத் திறந்தான். ஒவ்வொரு நாளும் வரவேற்பு, கதிரை, கோப்பை. வந்தவன் மட்டும் பேசவே இல்லை. யார்? அவளோடு படிப்பிக்கிற மாஸ்டரா? கேபிள் திருத்த வருகிறவனா? கேற் திறக்கும் சத்தம் ஒன்றிலும் இல்லை. செருப்புச் சத்தமும் இல்லை. பழகிய வீட்டுக்குள் நடக்கிறவன் போல வந்திருக்கிறான்.

திரும்பச் செவ்வாய்க்கிழமைக்கே போனான். இயர்போனை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி கடைசிவரை கேட்டான். சோறு பிசைகிற ஈரச் சத்தம். நீண்ட இடைவெளி. பிறகு ஆண் குரல்.

"உறைப்புக் கூடிட்டு புள்ள."

சப்ரியின் குரல். அவனுடைய இழுவை. அவனுடைய இருமல்.

செவ்வாய்க்கிழமை அவன் கடை லொறியில் பொத்துவிலுக்குச் சீமெந்து கொண்டு போயிருந்தான். பகல் சோற்றுப் பார்சலைக் கடற்கரையில் வைத்துத் தின்றான். மற்ற நாட்களிலும் கடையில்தான் தின்றான்.

முஸ்பிறா பொழுதுபடும் நேரம், மஃரிபுக்கு முன் திரும்பி வந்தாள். அவன் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டான்.

"செவ்வாக்கிழம பகல் என்ன கறி?"

"சூர மீன். நீங்கதானே உறைப்புக் கூட எண்டீங்க?"

"அண்டைக்கு நான் பொத்துவில்ல நிண்ட."

அவள் சிரித்தாள். "லொறி பழுதாக்கும் எண்டு நெனச்சன். இப்ப நாளும் பகல் சோத்துக்கு வாறீங்க, எனக்குச் சந்தோசம்தான். ஆனா வந்தா ஒரு கதையும் இல்ல. என்ட முகத்தையே பாத்துக்கிட்டு இரிக்கிறீங்க."

அவள் கண்ணில் பொய்யைத் தேடினான். பொய் இருந்தால் நல்லது என்று முதல் தடவையாக நினைத்தான். இல்லை. பின்னேரம் முழுக்க மனதில் யார் யாரையோ கொண்டுவந்து நிறுத்திச் சந்தேகப்பட்டவனுக்கு, இப்போது சந்தேகப்பட ஒரு மனிதன்கூட மிஞ்சவில்லை.

"நாளைக்குப் பகல் ராத்தா வீட்ட போய் இரி."

"அப்ப ஒங்களுக்கு ஆரு சோறு போடுற?"

அது நானில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

சனிக்கிழமை நண்பகல் லுஹர் பாங்கு கேட்டதும் தலையிடி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, கல்முனைக் கடையிலிருந்து நேரே வந்தான். மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முனையில் விட்டான். உச்சி வெயிலில் ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்தது. கருவாட்டு மணம். காகம்கூட இல்லை. முன் ஜன்னலடியில் போய் நின்றான்.

உள்ளே கோப்பை தட்டியது. முஸ்பிறா எதையோ சொல்லிச் சிரித்தாள். ராத்தா வீட்டுக்குப் போகவில்லை.

கதிரை அசைந்தது.

"வெளியால ஆரோ நிக்கிறான் புள்ள."

அவன் குரல். அவசரமே இல்லாமல்.

ஜன்னல் சீலை விலகியது. முஸ்பிறா எட்டிப் பார்த்தாள். சப்ரியைப் பார்த்தாள். வாய் திறந்தது. மெல்லத் திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். திரும்பவும் அவனைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது.

"கதவத் திற," என்றான். "வெளியால வா. வா."

ஓடி வந்தாள். வெறுங்கால் சத்தம். தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. அந்த இடைவெளியில் அவள் விரல்கள் வெளியே வந்து கதவின் விளிம்பைப் பிடித்தன.

அவன் கையை நீட்டினான்.

அவளுடைய விரல்களுக்கு மேல் இன்னொரு கை வந்து படிந்தது. மெதுவாக. சோற்றுப் பருக்கை ஒட்டிய கை. கறி ஈரம். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. போன கிழமை கடையில் இரும்புக் குழாய் விழுந்து கறுத்த நகம்.

சப்ரி தன் கையைப் பார்த்தான். அதே விரல். அதே கறுப்பு.

அந்தக் கை அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து எடுத்தது. வலிக்காமல். அன்பாக. கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"வா புள்ள," என்றது உள்ளே அவன் குரல். "சோறு ஆறுது."