மகாராணியின் கன்னம்

டாக்டர் வரதராஜா சிட்னிக்குப் பக்கத்துப் பரமட்டாவில் ஒரு பழைய வீட்டுக் கதவைத் தட்டியபோது காலை பதினொரு மணி. வெளியே நல்ல வெயில். வெளிச்சம் வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே ஈரக் கம்பளி வாடை.

நாணயம் சேர்த்த ஒரு வெள்ளைக்காரரின் விதவை, பஞ்சில் பொதிந்த காசை நீட்டினாள். 1855, சிட்னி நாணயசாலை, அரைப் பவுன். விக்டோரியா மகாராணியின் கன்னத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை பதிந்திருந்தது.

“என் கணவர் சாகும்போதும் இதைக் கையில் பிடித்திருந்தார். அவர் விரலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.”

டாக்டர் சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுத்து வாங்கினார். பழைய காசைக் கழுவினால் மதிப்புப் போய்விடும் என்று போன மாதந்தான் நாணயச் சங்கத்தில் முக்கால் மணி நேரம் முழங்கி, இரண்டு பேரைத் தூங்கவைத்தவர் அவர். இன்று மூன்று மணிக்கு அங்கே தலைவர் தேர்தல். 1974இல், நாற்பது வெள்ளைக்காரருக்கு ஒரு யாழ்ப்பாணத்தார் தலைவர்! அந்தக் கதிரையை இந்தக் காசு வாங்கித் தரும்.

வீட்டுக்கு வந்ததும் கறுப்பு கண்ணை உறுத்தியது. யாழ்ப்பாணத்தான் கொண்டுவந்த காசு ஊத்தை என்று எவனாவது சொல்லிவிட்டால்?

குசினிக் குழாயடியில் புளியும் காசுமாக நின்றவரை எட்டிப் பார்த்தாள் மனைவி இராஜேஸ்வரி.

“இஞ்சருங்கோ, நான் விளக்கு மினுக்க வச்ச புளியெல்லே அது?”

“சத்தம் போடாதையும். ஒரு சின்னத் தேய்ப்புத்தான்.”

“கழுவக்கூடாதெண்டு ஊருக்கெல்லாம் படிப்பிச்சது நீங்கள்தானே?”

“அது மற்ற ஆக்களுக்கு.”

அவள் தலையிலடித்துக்கொண்டு போய்விட்டாள். அவர் தேய்த்தார். கறுப்பு அசையவில்லை. அழுத்தித் தேய்த்தார்.

காசு சுட்டது.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

குசினிக்குள் ஈரக் கம்பளி வாடை.

அவருடைய பெருவிரலின்மேல் இன்னொரு பெருவிரல் அழுத்தியது.

“ராசேஸ், கையை எடும்,” என்றார் மெதுவாக.

“நான் இஞ்ச முன்னறைக்குள்ள நிக்கிறன்!”

அவர் திரும்பவில்லை. கைதான் தேய்த்துக்கொண்டே இருந்தது, அவரைக் கேட்காமல். கடைசியில் மகாராணியின் கன்னம் பளிச்சென்றானது.

மூன்று மணிக்குச் சங்கச் செயலாளர் பூதக்கண்ணாடியைக் காசின்மேல் பிடித்தார்.

“கழுவியிருக்கிறீர்கள், டாக்டர்.”



“நானா? சத்தியமாக இல்லை!” என்று வரதராஜா வலது கையை உயர்த்தினார்.

செயலாளர் காசை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்தார்.

பெருவிரலில் ரேகையே இல்லை. மழமழவென்றிருந்த அந்தத் தோலுக்கடியில், யாரோ உள்ளிருந்து அழுத்துவதுபோல, வேறொருவருடைய ரேகைகள் கறுப்பாக, ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன.