காப்பகத்து மருந்து

ஒரு மழை மதியத்தில்தான் அவள் அந்தப் பழைய குழந்தைகள் காப்பகத்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்து சேர்ந்தாள். நோயறை மாடியில் இருந்தது. இரண்டு கட்டில், ஒரு இரும்பு அலமாரி, ஈரச் சுண்ணாம்பு வாடை. அலமாரியில் பூட்டு. சாவி வார்டனிடம், வார்டனோ ஊரிலேயே இல்லை. நல்ல நிர்வாகம்தான், போங்கள்.

பையை இறக்கி வைப்பதற்குள், வேறொரு காப்பகத்திலிருந்து மாற்றலாகி ஒரு சிறுமி வந்துவிட்டாள். துணிமணியெல்லாம் அழகாக மடித்துக் கொடுத்திருந்தார்கள். இன்ஹேலர் மட்டும் இல்லை. பிள்ளைக்கு நெஞ்சு விசிலடித்தது, உதடு நீலம் பாரித்திருந்தது.

நர்ஸ் சிறுமி இருந்த காப்பகத்துக்குப் போன் போட்டாள்.

"மருந்து காப்பகத்துச் சொத்தும்மா. பிள்ளைதான் மாறும், மருந்து மாறாது," என்றது ஒரு குரல்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், பாலத்தில் வெள்ளம், சுற்றித்தான் வரணும் என்றார்கள்.

அப்போதுதான் அது கேட்டது.

ஈ... ஈ...

அது சிறுமியின் இழுப்பு இல்லை. அலமாரிக்குள்ளிருந்து வந்தது.

சமையல்கார அக்கா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "அதைத் திறக்காதம்மா," என்றாள், குரலே எழும்பாமல். "போன மழைக்கு ஒரு பையனை இங்கேருந்து மாத்தினாங்க. அவன் மருந்தை உள்ளயே வெச்சுப் பூட்டிட்டாங்க. போற வழியில, வண்டியிலயே..."

"இவளும் போகணுமாக்கா? சுத்தியல் கொண்டாங்க."

அக்கா சுத்தியலை வாசற்படியிலேயே வைத்துவிட்டு ஒதுங்கினாள்.

பூட்டு உடைந்தது. சத்தம் சட்டென்று நின்றது. வெறும் தட்டில் ஒரே ஒரு இன்ஹேலர். வாய் வைக்கும் இடம் ஈரமாக இருந்தது.

சூடாகவும் இருந்தது.

அதைத் துடைத்துச் சிறுமியின் வாயில் வைத்து அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். "இழுத்து விடு கண்ணு. விட்டுடாத." மெல்ல மெல்ல உதட்டில் சிவப்பு திரும்பியது. நர்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நர்ஸ் அக்கா," என்றாள் சிறுமி. "அவனுக்கும் குடுங்க."

பக்கத்துக் கட்டிலில் யாருமில்லை. தலையணை மட்டும் நடுவில் அமுங்கியிருந்தது.

ஈ... ஈ...

நர்ஸ் தன்னையறியாமல் இன்ஹேலரை அதன்மேல் நீட்டி அழுத்தினாள். மருந்துப் புகை காற்றில் கலையவில்லை.

யாரோ உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

இழுப்பு அடங்கியது. இன்ஹேலரைக் குலுக்கிப் பார்த்தாள். காலி.

சிறுமி கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வராண்டாவுல இவன மாதிரி இன்னும் நிறைய பேர் நிக்கிறாங்க."