அண்ணனுக்குப் பிடித்த டிவி

கிட்வே பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த அந்தக் கடைக்குள் கசூபாவும் லெங்வேயும் நுழைந்தபோது சனிக்கிழமை உச்சிவெயில். வெளியே செம்புழுதி பறந்துகொண்டிருந்தது. உள்ளே குளிர்ந்த காற்று, புது பிளாஸ்டிக் வாசம். நீண்ட சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே கால்பந்து ஆட்டம். ஒரே ஆட்டக்காரன் முப்பது இடத்தில் விழுந்து முப்பது இடத்தில் எழுந்தான்.

கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கசூபாவுக்கு இரண்டாவது, லெங்வேக்கு முதலாவது. அவன் லாரி மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ் போகாது, ஆனால் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஹாலில் ஒரு டிவி வேண்டும் என்று அவன்தான் ஆசைப்பட்டான். கசூபா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். காரணம் கேட்டால் சொல்லமாட்டாள்.

"சின்னதா ஒண்ணு போதும்," என்றான் லெங்வே, கழுத்தில் டை கட்டிய விற்பனையாளனிடம். "அந்தப் பெருசை எங்க ஹால்ல மாட்டினா நாங்க ரோட்டுல உக்காந்துதான் பாக்கணும்."

விற்பனையாளன் பெயர் தேம்போ. சிரித்த முகம். "உள்ள வரும்போது எல்லாரும் இதைத்தான் சார் சொல்வாங்க. அடுத்த வாரமே வந்து பெருசா மாத்திக் குடுன்னு நிப்பாங்க. சுவர்ல மாட்டுற ஸ்டாண்டு அந்தப் பக்கம் இருக்கு, பாத்துட்டு வாங்க. அதுக்குள்ள நான் அம்மாவுக்குப் படம் காட்டுறேன்."

லெங்வே கடையின் மறுகோடிக்குப் போனான். தேம்போ முப்பத்திரண்டு இன்ச் ஒன்றில் வண்ணத்தைக் கூட்டினான். பிறகு கசூபாவின் தோளுக்குப் பின்னால் பார்த்து மரியாதையாகக் குனிந்தான்.

"அண்ணே, அங்கருந்து தெரியுதா?"

வேறு யாரோ வாடிக்கையாளர் என்று கசூபா நினைத்துக்கொண்டாள்.

"இது வேண்டாமாம்மா. அண்ணனுக்குப் பிடிக்கல."

"எந்த அண்ணன்?"

"உங்ககூட வந்தவர்தான். சோபால சாஞ்சிருக்காரே. பாவம், பேச்சு வராதா?"

கசூபா திரும்பினாள்.

வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து பார்ப்பதற்குப் போட்டிருந்த சிவப்பு சோபா. அதில் யாரும் இல்லை. இடது ஓரத்து மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது.

"கண்ணாலயே என்னமா பேசுறாரு பாருங்க," என்றான் தேம்போ அடுத்த டிவிக்கு நகர்ந்துகொண்டே. "வேண்டாம்னா ஒரு சிமிட்டு. வேணும்னா ரெண்டு."

ஒரு சிமிட்டு, இரண்டு சிமிட்டு. ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் சொல்லிக் கொடுத்த ஏற்பாடு அது. அப்படிச் சிமிட்டிய ஆள் மண்ணுக்குள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

மூக்கில் அந்த வாடை ஏறியது. ஈரம் காயாத படுக்கை விரிப்பு, புளித்த கஞ்சி, திருப்பிப் போடாத உடம்பு.

தேம்போவின் முகம் லேசாகச் சுருங்கியது. "அம்மா, வாயோரம் வழியுது. துடைச்சு விடக்கூடாதா?"

அவள் அசையவில்லை. தேம்போ ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு தன் கைக்குட்டையை எடுத்துப் போய் சோபாவின் மேல் குனிந்து, வெறும் காற்றில் ஒரு முகத்தைத் துடைத்தான். தாடையை ஏந்தித் துடைத்தான்.

திரும்பி வரும்போது கைக்குட்டை நனைந்திருந்தது.

"முடிவாச்சா?" என்று கேட்டபடி லெங்வே வந்தான்.

"ஆச்சு சார். ஐம்பத்தஞ்சு இன்ச். பெரியவங்க சொல்லிட்டாங்க."

பெரியவங்க என்றது மனைவியைத்தான் என்று நினைத்து லெங்வே சிரித்தான். "அவங்க சொன்னா சரிதான்."

வேண்டாம் என்று சொல்லக் கசூபாவுக்கு வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்பானே. அதற்குப் பதில் சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்குமே.

மிச்சம் என்பது கபாசோ.

கபாசோ அவளுடைய முதல் கணவன். சுரங்கத்தில் வேலை. பதினோரு வருடம் அவளை அடித்தான். குழம்பு ஆறினால் அடி, கதவு திறக்கத் தாமதமானால் அடி, அவன் அணி தோற்றால் அடி. அடிக்கும்போது அவள் சத்தம் போட்டு அழமாட்டாள். அதனால் அவளுக்கு அவன் வைத்த பெயர் ஊமைக்கோழி. ஒரு காலை, ஷூ மாட்டக் குனிந்தவன் அப்படியே பக்கவாட்டில் சரிந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது அவனிடம் மிஞ்சியிருந்தது இரண்டு கண்கள்தான்.

பதினான்கு மாதம் அவனை அவள்தான் பார்த்துக்கொண்டாள். இப்படி ஒரு பெண்ணா என்று தேவாலயத்தில் அவளைப் பேர் சொல்லிப் புகழ்ந்தார்கள்.

வீட்டுக்குள் நடந்தது வேறு. ஞாயிறு மூன்று மணிக்குப் பழைய டிவியில் ஆட்டம் போடுவாள். முக்கால்வாசி ஓடியதும், கோல் விழப்போகும் நேரம் பார்த்து அணைப்பாள். அவன் கண்ணில் தண்ணீர் கட்டுவதை நின்று பார்ப்பாள். சில வாரத்தில் அது அலுத்துப்போனது. கட்டிலைச் சுவர் பக்கம் திருப்பினாள். அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெறும் சுவர். முதுகுக்குப் பின்னால் ஆட்டம் ஓடும். அவள் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு, விழாத கோலையெல்லாம் விழுந்ததாகச் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு ஞாயிறு, இரண்டாம் பாதியில், அவன் மூச்சுச் சத்தம் மாறியது. அவளுக்குக் கேட்டது. ஆட்டம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

முடிந்த பிறகுதான் எழுந்து போய்ப் பார்த்தாள். கண்கள் திறந்தே இருந்தன.

அடுத்த நாள் பழைய டிவியைக் குப்பைக் குழியில் போட்டு உடைத்தாள்.

செவ்வாய்க்கிழமை புது டிவி வந்தது. மாட்ட வந்தவன் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அவளைக் கேட்காமலே, முன்பு கபாசோவின் கட்டில் கிடந்த மூலைக்கு நேர் எதிர்ச் சுவரில் துளை போட்டான். "இங்கதான் மாட்டணும்னு கடையில சொல்லி அனுப்புனாங்க," என்றான்.

ஓடும்போது அது ஒழுங்காகத்தான் ஓடியது. அணைத்தால்தான் கஷ்டம். அணைத்தால் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஹால் முழுக்கத் தெரியும். ஜன்னல், சோபா, தண்ணீர் வாளி, துடைப்பத்தோடு நிற்கும் அவள்.

மூலையில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், நீளமாக ஒன்று.

திரும்பிப் பார்த்தால் மூலை காலி.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். நீளமாகக் கிடந்தது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கவில்லை. இந்தப் பக்கம் பார்த்திருந்தது.

இடுப்பில் சுற்றிக்கட்டும் தன் பழைய சித்தெங்கே துணி ஒன்றை எடுத்து டிவி மேல் போர்த்தினாள். சாயங்காலம் லெங்வே வந்தபோது துணி சோபாவின் கைப்பிடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான்காக, விளிம்போடு விளிம்பு ஒட்டி.

இரண்டு வாரம் போனது. லெங்வேக்கு டிவி பிடித்துவிட்டது. பட்டறையிலிருந்து வந்ததும் ரிமோட்டைக் கையில் எடுத்துவிடுவான். அவள் சமையலறையில் உப்வாலிக் களி கிண்டுவாள். சோளமாவு கெட்டியாகும்போது கரண்டியை நிறுத்தக்கூடாது. ஆனாலும் ஒருநாள் நிறுத்தினாள். ஹாலில் லெங்வே பேசிக்கொண்டிருந்தான்.

"ஆஃப்சைடுன்னா குடுத்தான்." இடைவெளி. "ஆமா, நானும் அதான் பாத்தேன்." இடைவெளி. பிறகு அடங்கிய சிரிப்பு.

எட்டிப் பார்த்தாள். தனியாகத்தான் இருந்தான். ஆனால் சோபாவின் வலது ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

"யார்கிட்ட பேசுறீங்க?"

"ஆட்டத்துகிட்ட," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் சாப்பிடும்போது தட்டைத் தள்ளினான். "இது என்ன, ஆறிப்போயிருக்கு." அவன் அப்படிச் சொல்வது அதுதான் முதல் தடவை. பிறகு, விளையாட்டுப் போல, வெகு சாதாரணமாக, "உப்பு கொண்டா, ஊமைக்கோழி," என்றான்.

அந்தப் பெயரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட.

அன்று இரவு முழுக்க யோசித்துவிட்டு, விடிந்ததும் லுவான்ஷ்யாவுக்குப் பேருந்து ஏறினாள். கபாசோவின் அக்கா சிசாங்கா அங்கே இருந்தாள். புருஷன் செத்தால் அவன் வீட்டார் கைம்பெண்ணுக்கு வெள்ளைப் பாசிமணி கட்டி, நெற்றியில் மாவு பூசி, "அவன் உன்னை விட்டான், போ" என்று சொல்லி அனுப்ப வேண்டும். கசூபாவுக்கு அதைச் செய்ய யாரும் வரவில்லை. அப்போது அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சிசாங்கா முற்றத்தில் கபெண்டா கருவாட்டைப் பரப்பிக்கொண்டிருந்தாள். கசூபா வழக்கப்படி மண்டியிட்டுக் கைதட்டி வணங்கினாள். வந்த காரியத்தைச் சொன்னாள். சிசாங்கா கடைசி வரை கேட்டாள்.

"உக்காரு," என்றாள். "தண்ணி குடிக்கிறியா?"

"வேண்டாம் அண்ணி. மணி மட்டும் கட்டிவிடுங்க. எவ்வளவு மாவு, எத்தனை கோழி வேணும்னாலும் கொண்டுவர்றேன்."

"ஒரு தடவை உன் வீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கா? கட்டில் சுவரைப் பாத்துக் கிடந்துச்சு. கேட்டதுக்கு, வெளிச்சம் கண்ணைக் கூசுதுன்னு சொன்ன."

கசூபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ டீ போடப் போன நேரம் அவன்கிட்ட கேட்டேன். இவ உன்னைக் கொடுமைப்படுத்துறாளான்னு. ரெண்டு தடவை சிமிட்டுனான்."

"அவர் என்னைப் பதினோரு வருஷம் அடிச்சாரு அண்ணி. உங்களுக்குத் தெரியும். உங்க முன்னாடியே என் பல்லை உடைச்சாரு."

"தெரியும்," என்றாள் சிசாங்கா, கருவாட்டைத் திருப்பிப் போட்டபடி. "அவன் குணம் தெரிஞ்சுதான் உன்னைக் கட்டி வச்சோம். அந்த வீட்டை ஏன் உன்கிட்டயே விட்டோம்னு எப்பவாவது யோசிச்சியா? சுரங்கக் கம்பெனி குடுத்த வீடு, நல்ல வீடு. சண்டை போட்டா எங்களுக்குத்தான் கிடைச்சிருக்கும். அவன் இருக்கிற வீட்டை நாங்க எதுக்குக் கேக்கணும்?"

"அண்ணி."

"அவன் உன் புருஷன். நீயே வச்சுக்கோ. பஸ் போயிடும், கிளம்பு."

வீட்டுக்கு வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலிலேயே மைதானத்தின் இரைச்சல் கேட்டது. லெங்வே சோபாவின் வலது ஓரத்தில் இருந்தான். இடது ஓரம் அமுங்கியிருந்தது.

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கட்டிலை, சுவரை, அணைத்த டிவியை, முடியட்டும் என்று காத்திருந்த அந்தக் கடைசி ஆட்டத்தை. இவன் நல்லவன், இவனுக்குப் புரியும் என்று நினைத்தாள். நாளைக்கே இந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாம், எங்கேயாவது ஒற்றை அறையில் இருந்துகொள்ளலாம் என்றாள்.

லெங்வே கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை.

"தெரியும்," என்றான். "சொன்னாரு."

"யாரு?"

அவன் பக்கத்து மெத்தையை ஒரு பார்வை பார்த்தான், சிநேகிதனைப் பார்ப்பது போல.

"நல்லா பேசுறாரு, கசூ. இத்தனை நாள் பேச ஆள் இல்லாம இருந்திருக்காரு."

அவள் எழுந்து டிவியின் ஒயரைப் பிடித்து இழுக்கப் போனாள். விரல் பிளக்கைத் தொட்டது.

அடி காதோரம் விழுந்தது. புறங்கையால், கீழிருந்து மேலே. மோதிரம் இருக்கும் கையால் அப்படி அடித்தால்தான் தோல் கிழியும் என்று கண்டுபிடித்து அடித்த ஆள் ஒருவன்தான்.

லெங்வேக்கு மோதிரம் கிடையாது. அவள் கன்னம் கிழிந்திருந்தது.

அவன் தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணில் பயம் வந்தது. ஒரு கணம் அது அவளுடைய லெங்வே.

"நான் இல்ல," என்றான் மெதுவாக. "கசூ, நான் அடிக்கல."

"வாங்க, போயிடலாம்," என்று அவன் சட்டையைப் பிடித்தாள். "இப்பவே. அப்படியே வாங்க."

அவன் ஓர் அடி எடுத்து வைத்தான். அப்போது திரையில் கூட்டம் ஆர்ப்பரித்தது. லெங்வேயின் தலை திரும்பியது. அவனாகத் திரும்பியது போல இல்லை, யாரோ தாடையைப் பிடித்துத் திருப்பியது போல. போய் உட்கார்ந்தான். வலது ஓரத்தில், ஒடுங்கி.

கசூபா வாசலுக்கு ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. உள்ளே வந்தபோது அவள் பூட்டவில்லை. சாவி வழக்கமான ஆணியில் இல்லை.

"பசிக்குது," என்றான் லெங்வே ஹாலிலிருந்து. "ரெண்டு தட்டு போடு."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். வேறென்ன செய்ய. உப்வாலி கிண்டி, கோழியைச் சூடாக்கி, இரண்டு தட்டில் போட்டுக் கொண்டுபோய், நிமிர்ந்து பார்க்காமல் வைத்துவிட்டு வந்தாள். சமையலறை மூலையில் குந்தி உட்கார்ந்து கன்னத்தைத் துணியால் அழுத்திக்கொண்டாள். பாதி ஆட்டம் முடிந்து விசில் கேட்டது. தட்டுகள் தரையில் வைக்கப்படும் சத்தமும் கேட்டது.

போய் எடுத்து வந்து வெளிச்சத்தில் பார்த்தாள். லெங்வேயின் தட்டில் பாதி அப்படியே இருந்தது.

மற்றதில் ஒரு துளி களிகூட இல்லை. கோழி எலும்புகள் நடுவில் கடித்து உடைக்கப்பட்டு, உள்ளே இருந்தது உறிஞ்சப்பட்டு, வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. தட்டின் ஒரு பக்க விளிம்பில் மட்டும் எச்சில் கோடாக வழிந்து, அவள் கட்டைவிரலை நனைத்தது. சூடாக இருந்தது.

"கசூபா," என்று லெங்வேயின் குரல் வந்தது, சாதுவாக. "அவருக்கு இன்னும் கொஞ்சம் வேணுமாம். ரெண்டு தடவை சிமிட்டுறாரு."